பப்புவா நியூ கினியில் பாப்டிஸ்ட் சபைகள் பெருகியது எப்படி? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

எஸ்தர், காவேரிப்பட்டினம்:

அனைவருக்கும் வணக்கம். நான் காவேரிப்பட்டினத்துக்கு அருகில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. எங்கள் ஊர் பாப்டிஸ்ட் சபைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பொருளாளராகவும் இருக்கிறேன். கேள்வி சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபை 1998இல் தொடங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம், பின்னால் ஒரு வேப்ப மரம், அவ்வளவுதான் சொத்து. பதிவேட்டில் 41 பேர் இருக்கிறார்கள். மாங்காய்க் காலம் வந்துவிட்டால் பாதிப் பேர் கூழ் ஆலைகளுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பதினெட்டுப் பேர் வந்தால் பெரிது. கடந்த மூன்று ஆண்டுகளில் நான்கு குடும்பங்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் போய்விட்டன. கடைசியாக ஞானஸ்நானம் நடந்தது 2021இல், தென்பெண்ணை ஆற்றில், இரண்டு பேருக்கு. அன்று தண்ணீரில் நுரை மிதந்துகொண்டிருந்தது. மூழ்கி எழுந்த பிள்ளைகளுக்கு இரண்டு நாள் உடம்பெல்லாம் அரிப்பு. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

என் தங்கை மகன் பப்புவா நியூ கினியில் லே நகரத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறான். போன மாதம் மலைப்பகுதிக்குப் போனபோது எடுத்த ஒரு படத்தை அனுப்பினான். மரக்கம்பங்களும் புல் கூரையுமாக ஒரு கோயில். உள்ளே இடம் இல்லாமல் ஜனங்கள் வெளியே புல்தரையில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். “பெரியம்மா, இவர்களும் உங்கள் ஆட்கள்தானாம்” என்று கீழே எழுதியிருந்தான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஆஸ்திரேலிய பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1949இல்தான் அந்த நாட்டின் பையர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 72 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் 2.8 சதவீதம் பேர் பாப்டிஸ்ட். சுமார் இரண்டு லட்சம் பேர்! ஒருவர்கூட இல்லாத இடத்தில், ஒரே மனித ஆயுளுக்குள்.

அடுத்த மாதம் எங்கள் சபையின் ஆண்டுக் கூட்டம். சென்னையிலிருந்து பெயர் பெற்ற பிரசங்கியை அழைத்து மூன்று நாள் கூட்டம் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு 60,000 ரூபாய் வேண்டும், கையிருப்பு 23,000. உபவாச ஜெபம் போதும் என்கிறார்கள் மூப்பர்கள். நான் எதையும் பேசுவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்: அந்த மலையில் உண்மையில் என்ன நடந்தது? நல்லது மட்டும் வேண்டாம், கெட்டதையும் சொல்லுங்கள்.

செல்வம், அரூர்:

எஸ்தர் அக்கா, நான் உங்கள் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஆனாலும் கெட்டதையும் சொல்லுங்கள் என்று கேட்டீர்களே, அதனால் எழுதுகிறேன்.

மிஷனரிகள் விமானத்தில் வந்தார்கள். இரும்புக் கோடரியும் உப்பும் மருந்தும் கொண்டுவந்தார்கள். அப்போது அங்கே ஆண்டதும் அவர்கள் நாடான ஆஸ்திரேலியாவின் அரசாங்கம். கல் கோடரி வைத்திருந்தவன் என்ன செய்வான்? எனக்கு இதில் பெரிய மர்மம் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு வேறு ஒரு கவலை. அந்த மக்களுக்கு முன்பு சாமிகள் இருந்திருக்குமே, அவை எங்கே போயின? எங்கள் ஊர் எல்லையில் வேடியப்பன் கல் இருக்கிறது. வில்லோடு நிற்கும் வீரன், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நடுகல். ஆடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன் என்பார் என் தாத்தா. அதை ஒருநாள் யாராவது பெயர்த்துப் போட்டால் நான் எப்படித் தாங்குவேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அங்கே அப்படி நடந்ததா?

ராஜசேகரன், பென்னாகரம்:

அம்மா, நான் 2008 முதல் 2014 வரை மவுண்ட் ஹேகன் நகரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கராக இருந்தேன். பையர் பள்ளத்தாக்கு அங்கிருந்து வடக்கே, மலை இடுக்கு வழியாக இறங்கும் ஒரு மோசமான சாலையில் இருக்கிறது. நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஆனால் ஆறு ஆண்டுகளும் என் பக்கத்து வீட்டுக்காரராகவும் எங்கள் கிடங்குக் காவலராகவும் இருந்தவர், பையரைச் சேர்ந்த ஒரு பாப்டிஸ்ட் மூப்பர். அவரிடம் கேட்டதையும் நான் கண்டதையும் எழுதுகிறேன்.

தம்பி செல்வம் சொன்னதில் பாதி சரி. மலைநாட்டின் பெரும்பகுதி வெளியாருக்கு மூடப்பட்ட பகுதியாகத்தான் இருந்தது. அமைதி உண்டாகிவிட்டது என்று ஆஸ்திரேலிய நிர்வாகம் அறிவித்த பிறகே மிஷன்கள் உள்ளே போகலாம். விமான ஓடுதளம் அமைக்க அந்தப் பெரியவர் சிறு பையனாகக் கல் சுமந்திருக்கிறார். கூலி உப்பும் கடல் சிப்பியும். மலையில் பிறந்தவனுக்கு முத்துச் சிப்பி என்றால் நமக்குத் தங்கம் மாதிரி. பெண் எடுப்பதற்கும் சண்டைக்கு ஈடு கொடுப்பதற்கும் அதுதான் வேண்டும். மருந்தும் உண்மைதான். யாஸ் என்று ஒரு புண் நோய், குழந்தைகளின் காலை அரித்துவிடும். ஊசி போட்ட சில நாளில் அது ஆறிப்போனதைக் கண்டு ஜனங்கள் மலைத்துப் போனார்களாம்.

ஆனால் முதல் ஞானஸ்நானம் நடந்தது 1956இல். கவனியுங்கள், ஏழு ஆண்டு! கோடரி வந்துவிட்டது, உப்பு வந்துவிட்டது, ஊசியும் வந்துவிட்டது. அவற்றுக்காக மட்டும் சேர்கிறவர்கள் என்றால் முதல் ஆண்டிலேயே சேர்ந்திருக்க வேண்டாமா? “ஊசி போட்டுக்கொள்ளப் போவோம், பாட்டு ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுவோம்” என்று பெரியவர் என்னிடம் சொன்னார். அந்த ஏழு ஆண்டும் மிஷனரிகள் கியாகா மொழியைக் கற்றார்கள். அதற்கு எழுத்தே கிடையாது. அவர்கள்தான் அதை எழுத்தில் கொண்டுவந்தார்கள், பள்ளி வைத்தார்கள், பிறகு புதிய ஏற்பாடு அந்த மொழியில் வந்தது. நாட்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகள், அம்மா. நம் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற தூரத்தில் அங்கே மொழி மாறிவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அங்கே ஒருவன் தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. குலம் கூடிப் பேசித்தான் செய்வார்கள். பாப்டிஸ்ட் கொள்கையோ, உங்களுக்கே தெரியும், ஒவ்வொருவரும் தானே விசுவாசித்துத் தானே தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது. இரண்டும் முட்டிக்கொண்டன. குலமே வந்து நின்றபோது, ஒவ்வொருவரையும் தனித்தனியாக வகுப்பில் உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள். இரண்டு மூன்று மனைவியர் உள்ளவரைச் சேர்ப்பதா கூடாதா என்ற கேள்வி மலைநாட்டுச் சபைகள் எல்லாவற்றையும் வாட்டியிருக்கிறது. ஒரு மனைவியைத் தள்ளிவைத்தால் அவள் எங்கே போவாள், அவள் குழந்தைகள் எங்கே போகும்? பெரியவரின் தாயாரே இரண்டாம் மனைவி. அந்தப் பேச்சு வரும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

1975இல் நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் ஆஸ்திரேலியர்கள் பொறுப்பை உள்ளூர்க்காரர்களிடம் விட்டுவிட்டார்கள். நான் பார்த்த போதகர்கள் எல்லோரும் அந்த மண்ணின் ஆட்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அவர்களுக்கும் சர்க்கரைவள்ளித் தோட்டம் உண்டு, பன்றி உண்டு. சனிக்கிழமை மாலை யாராவது ஒரு பை கிழங்கும் கீரையும் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆலயத்துக்கு ஹவுஸ் லோட்டு என்று பெயர். ஒரே நாளில் ஊர் கூடிக் கட்டி முடித்ததை நானே நின்று பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து பிரசங்கியை அழைக்க 60,000 ரூபாய் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தக் கிழங்குப் பைதான் என் கண் முன்னால் வந்தது.

கெட்டதும் உண்டு. குலச் சண்டை நிற்கவில்லை. ஞாயிறு அன்று ஒரே பாட்டைப் பாடிய இரு குலத்தார் அந்த வாரமே வில்லும் துப்பாக்கியுமாக எதிரெதிரே நின்றதைக் கண்டேன். நாங்கள் கடையை அடைத்துவிட்டு மூன்று நாள் மாடியில் இருந்தோம். நடுவில் போய் நின்று இரு பக்கமும் பேசியவர்களும் போதகர்கள்தாம். ஒருமுறை கேட்டார்கள், மறுமுறை கேட்கவில்லை.

அப்புறம், இரண்டு லட்சம் என்பதைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். அதே 2011 கணக்கில் மற்றக் கிறிஸ்தவச் சபைகளைப் பாருங்கள்: கத்தோலிக்கர் 26 சதவீதம், லுத்தரன் 18.4, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் 12.9. அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தால் பன்றிக்கறியையும் வெற்றிலை பாக்கையும் விட வேண்டும். பன்றிதான் செல்வம் என்று இருக்கும் ஊரில், அதை விட்டுவிட்டு அத்தனை பேர் அங்கே போயிருக்கிறார்கள். எளிதாக இருப்பதால் ஜனங்கள் வருகிறார்கள் என்று யாராவது உங்கள் கூட்டத்தில் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

அந்தோணி, எலத்தகிரி:

வணக்கம். நான் கத்தோலிக்கன், மானுடவியல் முதுகலை மாணவன். செல்வம் அண்ணனின் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆம், அண்ணா, அப்படி நடந்தது. பையருக்கு மேற்கே வெகு தூரத்தில் டெலிஃபோமின் என்ற மலைப்பகுதி இருக்கிறது. பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1950களின் தொடக்கத்தில் அங்கே போனார்கள். 1953 நவம்பரில் அங்கே இரண்டு ஆஸ்திரேலிய ரோந்து அதிகாரிகளும் இரண்டு உள்ளூர்க் காவலர்களும் கொல்லப்பட்டார்கள். எவ்வளவு கசப்பான தொடக்கம் என்று பாருங்கள். அந்த மக்களுக்கு ஆஃபெக் என்றொரு மூதாய். அவள் கட்டியதாகச் சொல்லப்படும் புனித வீடு ஒன்று உண்டு. ஊர்தோறும் முன்னோர் எலும்புகளை வைத்துக் காக்கும் ஆவி வீடுகளும் இருந்தன. ஆண்களுக்கு மட்டுமே உள்ளே அனுமதி. அங்கே நடப்பதைப் பெண்கள் அறியவே கூடாது.

1977இல் டுரன்மின் என்ற இடத்தில், டெலிஃபோமின் பகுதியைச் சேர்ந்த டியோஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் நடத்திய வேதாகமப் பள்ளியில் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. ‘ரிவைவல்’ என்ற ஆங்கிலச் சொல்லை அவர்கள் பேச்சில் ரெபைபல் என்கிறார்கள். ஜனங்கள் நடுங்கினார்கள், அழுதார்கள், செய்த பாவங்களை ஊரார் முன்னால் வாய்விட்டுச் சொன்னார்கள். ஓரிரண்டு ஆண்டுகளில் மலைமலையாகப் பரவியது. பல ஊர்களில் ஆவி வீடுகளை அந்தந்த ஊர்க்காரர்களே கலைத்தார்கள், எலும்புகளை வெளியே எறிந்தார்கள். வெள்ளைக்காரர் வந்து இடிக்கவில்லை. இதில் முன்னால் நின்றவர்களில் பெண்கள் மிகுதி. பரிசுத்த ஆவி இறங்கிய பெண்களுக்கு ஸ்பிரிட் மெரி, அதாவது ஆவிப் பெண், என்றே பெயர் வந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள் என்பதை மறந்து இதைப் படிக்க முடியாது. ஆனாலும் அழிந்தது அழிந்ததுதான். அந்தச் சடங்குகளில் மட்டுமே வாழ்ந்த கதைகளும் அறிவும் திரும்பி வராது. எனக்கு அது வலிக்கிறது, அண்ணா. என் சமயத்தார் செய்திருந்தாலும் வலித்திருக்கும்.

எஸ்தர் அம்மாவுக்கு ஒன்று. உரப்மின் என்று ஒரு சிறு மக்கள் கூட்டம், 1990களின் தொடக்கத்தில் சுமார் 390 பேர். ஜோயல் ராபின்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் அப்போது அவர்களோடு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். வெள்ளைக்கார மிஷனரி யாரும் அவர்கள் நடுவில் குடியிருந்து ஊழியம் செய்ததே இல்லை. அவர்களே 1960களில் தங்கள் பிள்ளைகளை டெலிஃபோமினுக்குப் படிக்க அனுப்பினார்கள். படித்துத் திரும்பியவர்கள் போதித்தார்கள், அடுத்த மலைகளுக்கும் ஊழியத்துக்குப் போனார்கள். ஏன் அனுப்பினார்கள் என்பதற்கு ராபின்ஸ் சொல்லும் காரணம் முக்கியமானது. பழைய சடங்கு உலகத்தில் உரப்மின் பெரிய இடத்தில் இருந்தவர்கள். நிர்வாகமும் பாதைகளும் வந்த பிறகு ஒதுக்குப்புறமாகிவிட்டார்கள். அந்தத் தாழ்வைப் பொறுக்க முடியாமல்தான் புதியதைத் தேடிப் போனார்கள். 1977 எழுப்புதல் வந்தபோது ஊரே மாறிவிட்டது.

ஓய்வுபெற்ற போதகர், ஓசூர்:

அன்புச் சகோதரி எஸ்தர் அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

ராஜசேகரன் ஐயாவும் தம்பி அந்தோணியும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை நம் சேலம் ஜில்லாவும் அதில் செத்தது. அதே பஞ்சத்தில் ஆந்திராவின் ஓங்கோலில் இருந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைக் குத்தகை எடுத்து, பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். பஞ்சம் முடியும் வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார், சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று. பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஆற்றில் இறங்கினார்கள். அந்த எண்ணிக்கையை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஊர் ஊராக நடந்த எர்ரகுண்ட்ல பெரய்யாவை யாரும் சொல்வதில்லை. தோல் வியாபாரம் செய்தவர், மாதிகர் குலம். வியாபாரத்துக்காக நடந்த அதே பாதைகளில் சுவிசேஷத்தையும் கொண்டுபோனார், தன் ஜனத்தின் பேச்சில்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி, சகோதரி. தவறாக எண்ண வேண்டாம். உங்கள் சபையின் 41 பேரில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்? கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சபைகளில் நான் முப்பத்தொரு ஆண்டு ஊழியம் செய்தேன். தெலுங்கு வீடுகள், கன்னட வீடுகள். நானோ மேடையில் ஏறி “தேவரீர்”, “அருளிச்செய்தீர்” என்று திருநெல்வேலியில் கற்ற வேதாகமத் தமிழிலேயே ஜெபித்து வந்தேன். அவர்கள் “ஆமென்” சொன்னார்கள், கைகுலுக்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவர்களின் துக்கம் எதுவென்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் இது உறைத்தது. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

எஸ்தர், காவேரிப்பட்டினம்:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுத முடியவில்லை, அரையாண்டுத் தேர்வுத் தாள்கள்.

ஐயா, நீங்கள் கேட்ட கேள்வி என்னைச் சுட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காணிக்கையைப் பைசா விடாமல் எண்ணியிருக்கிறேன், இதை எண்ணியதே இல்லை. பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். தமிழ் 16, தெலுங்கு 19, கன்னடம் 6.

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். மாங்காய்த் தோப்பில் காவல் வேலை. சபை தொடங்கிய நாளிலிருந்து வருகிறார், ஒருநாளும் வாய்விட்டு ஜெபித்ததில்லை. படிப்பு இல்லை, கூச்சம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். போன ஞாயிற்றுக்கிழமை நான் போதகரிடம் கேட்டுக்கொண்டு, “அவ்வா, நீங்கள் தெலுங்கிலேயே ஜெபியுங்கள்” என்றேன். சற்று நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார். பெங்களூருக்கும் ஓசூருக்கும் போன நான்கு குடும்பங்களையும் பிள்ளைகளின் பெயரோடு ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தார். எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு மகனைப் பற்றியும் ஜெபித்தார், கிணறு வெட்டும்போது இறந்துபோனவன். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவருக்கு அப்படி ஒரு மகன் இருந்தது எனக்குத் தெரியாது. எழுதும்போதே கை நடுங்குகிறது.

செல்வம் தம்பி, உங்கள் வேடியப்பன் கல்லைப் பற்றி எழுதியது மனதில் நிற்கிறது. என் தந்தையின் ஊரிலும் ஒன்று உண்டு. ஞானஸ்நானம் பெற்ற பிறகு என் தாத்தா அங்கே கும்பிடப் போகவில்லை. ஆனால் அதைச் சுற்றிப் புதர் மண்டினால் அரிவாளோடு போய் வெட்டிவிட்டு வருவார். ஏன் என்று கேட்டதற்கு, “நம் ஊருக்காகச் செத்தவன்” என்றார். அந்தோணி எழுதிய எலும்புகளைப் பற்றிப் படித்தபோது தாத்தாவின் அரிவாள்தான் நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் கூட்டத்துக்கு நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் என்னுடைய வேண்டுகோள் இரண்டு: மாதம் ஒரு ஞாயிறு தெலுங்கு ஆராதனை, அதை நடத்துவதற்கு அந்த வீடுகளிலிருந்தே இருவர். கன்னட வீடுகளிடம் இன்னும் பேசவில்லை, இந்த வாரம் போகிறேன்.

ஆந்திராவின் குப்பம் பக்கம் யாராவது இருந்தால் ஓர் உதவி. தெலுங்குக் கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகம், பெரிய எழுத்தில் அச்சிட்டது, பத்துப் பிரதிகள் வேண்டும். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அவர் பேத்தி எட்டாம் வகுப்பு. தெலுங்கு எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அவள் வாசிக்க இவர் பாடிக்கொள்வார். விலையும் பஸ் பார்சல் செலவும் எவ்வளவு என்று சொன்னால் உடனே அனுப்பிவிடுகிறேன்.